விட்டுப்போன பதினொரு வட்டங்கள்

"ரத்தத்துல இருக்கறத தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போற? அத மாத்திக்க முடியுமா?" என்று என் சித்தப்பா கேட்டார்.

நான் அப்போது திருவண்ணாமலையில் மருத்துவமனைக் கட்டிலில், இடது காலை இரண்டு தலையணைகளின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். எதற்கும் சட்டென்று பதில் சொல்லிவிடுகிற எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்விதானோ என்றுகூடத் தோன்றியது. அதுதான் எனக்கு அதிகக் கோபத்தைக் கொடுத்தது.

இப்போது இரண்டு மாதம் ஆகிறது. வீக்கம் வடிந்துவிட்டது. தினமும் ஒரு மாத்திரை, காலில் தொடை வரைக்கும் இறுக்கமான ஒரு நீள உறை, அவ்வளவுதான். வேலைக்குப் போகிறேன். நடந்ததை மறந்துபோகும் முன்பு எழுதிவிட வேண்டும். என்னைப் போல ஒரு பெண் எங்கேயாவது காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவளுக்கு இது உதவும்.

என் பெயர் சரண்யா. ஊர் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையில் அப்பாவுக்கு ஒரு டீக்கடை இருக்கிறது. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும், அம்மாவுக்குக் கைநாட்டு. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பி.எஸ்சி. கணிதத்தில் முதல் வகுப்பு. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் என்று நாள் முழுக்க மற்றவர்களின் குடும்பங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருப்பேன்.

ஆடி மாதம் எங்கள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க நாள் குறித்தார்கள். என் மாதவிலக்குத் தேதி சரியாக அந்த வெள்ளிக்கிழமையில் வந்தது. அம்மா மருந்துக் கடையில் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிவந்தாள். எங்கள் பக்கம் இது சர்வ சாதாரணம். கல்யாணம், காதுகுத்து, தீபம் என்று எது வந்தாலும் பெண்கள் அந்த மாத்திரையைப் போட்டுக்கொள்வோம். யாரும் டாக்டரைக் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு பங்காளி வீடு ஒன்றில் குழந்தை பிறந்தது. பங்காளி என்றால் ஒரே ஆண்வழியில் வந்த குடும்பங்கள். ஒரு வீட்டில் பிறப்போ இறப்போ நடந்தால் எல்லா வீட்டுக்கும் தீட்டு. பொங்கல் அடுத்த வெள்ளிக்குத் தள்ளிப்போனது. அம்மா இன்னும் சில அட்டைகள் வாங்கிவந்தாள். முன்னால் போட்டதையும் சேர்த்துப் பதினேழு நாள், ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை. அதோடு அது கல்லூரிச் சேர்க்கை நேரம். சான்றிதழுக்குக் கூட்டம் அலைமோதியது. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயந்திரம்தான் எழுந்திருப்பேன்.

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதுபோல் வலித்தது. "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்று அம்மா எண்ணெய் வைத்துத் தேய்த்தாள். இரண்டாம் நாள் கால் பளபளவென்று வீங்கியது. மூன்றாம் நாள் தொடை வரைக்கும் ஏறி, தோல் நிறம் மாறியது. அப்பா கடையைப் பாதியில் மூடிவிட்டு ஆட்டோ பிடித்தார்.

மருத்துவமனையில் என்னைப் பார்த்தது ஓர் இளம் பெண் டாக்டர். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவராக இருக்கலாம். இரண்டு கால்களையும் நாடாவால் சுற்றி அளந்தார்.

"யாராவது தேச்சாங்களா?"

"நான்தாம்மா, எண்ணெ வெச்சு" என்றாள் அம்மா.

"இனிமே கைய வெக்காதீங்க. உள்ள ரத்தம் உறைஞ்சிருந்தா, தேய்ச்சா பிச்சிக்கினு நுரையீரலுக்குப் போயிடும்."

அம்மா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அன்று முழுக்க என் காலருகே வரவேயில்லை, தலைமாட்டிலேயே நின்றாள்.

டாப்ளர் என்று ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். குளிர்ச்சியான பசையைத் தடவி, கையடக்கக் கருவி ஒன்றைக் காலின்மேல் நகர்த்துவார்கள். ரத்தம் ஓடுவது திரையில் சிவப்பும் நீலமுமாகத் தெரியும், சத்தமும் கேட்கும். வலது காலில் காற்றடிப்பது போல உஸ் உஸ் என்று கேட்டது. இடது தொடையில் சத்தமே இல்லை. பயந்துபோனேன். கூடவே, சொன்னால் நம்பமாட்டீர்கள், "திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்புங்க" என்று கேட்டேன். என் உடம்புக்குள் நடப்பதை என் கண்ணால் பார்ப்பதில் அப்படி ஒரு ஆசை. ஸ்கேன் எடுத்தவர் சிரித்துக்கொண்டே திருப்பினார்.

காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் உறைவு. ஆறு நாள் படுக்கை. தொப்புளுக்குப் பக்கத்தில் தினமும் இரண்டு ஊசி. வயிறு முழுக்கக் கத்தரிப்பூ நிறத்தில் திட்டுகள். பயமே இல்லை என்று சொன்னால் பொய். முதல் இரண்டு நாள் என் மூச்சை நானே எண்ணிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் வேகமாக வந்தாலும் ரத்தக் கட்டி நகர்ந்துவிட்டதோ என்று மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவைப் பற்றி மட்டும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அப்பா காலையும் மாலையும் கடையிலிருந்து பெரிய பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்து வார்டு முழுக்க ஊற்றினார். மூன்றாம் நாளில் நர்ஸ்கள் என் பெயரை விட்டுவிட்டு "டீக்கடை பொண்ணு" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. "பி.எஸ்சி. பொண்ணுன்னு கூப்பிடுங்க" என்றேன். கூப்பிடவும் செய்தார்கள்.

நான்காம் நாள் டாக்டர் என் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இருபத்தி மூணு வயசுல தொடை வரைக்கும் கட்டறது கம்மி. அந்த மாத்திரையும் உக்காந்த வேலையும் காரணமா இருக்கலாம். ஆனா அத்தினி பேரும்தான் மாத்திரை போடறாங்க, எல்லாருக்கும் வரல. உங்க குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி?"

"இல்லீங்க டாக்டர்" என்றார் அப்பா உடனே. "எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் இல்ல. எங்கப்பா எண்பது தாண்டி இருந்தாரு. பெரியப்பனுங்க எல்லாம் கல்லு மாதிரி."

டாக்டர் என்னிடம் ஒரு காகிதத்தையும் பேனாவையும் கொடுத்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. "நீ கணக்கு படிச்ச பொண்ணுதானே, உங்க குடும்பத்த வரைஞ்சு வை. சாயந்திரம் வரேன்."

எனக்குக் கால்வலி மறந்துபோனது. அரை மணி நேரத்தில் வரைந்து முடித்தேன். பொங்கல் தள்ளிப்போனபோது யார் யாருக்குத் தீட்டு என்று பேசிப் பேசி எல்லாப் பங்காளிகளும் எனக்கு மனப்பாடம். கொள்ளுத் தாத்தாவில் தொடங்கி நான்கு தலைமுறை. அளவுகோல் இல்லாமலே கோடுகள் நேராக வந்தன. இருபத்தாறு சதுரங்கள். அவர்கள் பெண்டாட்டிகள் பக்கத்தில் சின்ன வட்டங்கள். கடைசி வரிசையில் நானும் சித்தப்பா மகளும். அடுத்த கட்டில் அக்காவிடம்கூடக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன்.

சாயந்திரம் டாக்டர் அதை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கு" என்றார். "ஆனா நாலு தலைமுறையில உன்னையும் இன்னொரு பொண்ணையும் தவிர வேற பொண்ணே பொறக்கலையா உங்க குடும்பத்துல?"

அப்பா சிரித்தார். "அதெல்லாம் பொறந்தாங்க. கட்டிக் கொடுத்துட்டோமே. அவங்க வேற வீடு."

அந்தக் கணத்தில் என் காது மடல் சூடாகிவிட்டது. மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு வருகிறவர்களிடம் நான் தினமும் சண்டை போடுவேன். "கல்யாணம் ஆன பொண்ணு பேரையும் போடணும்ணே. அவங்களும் குடும்பம்தான். இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்க" என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பேன்! அப்படிப்பட்ட நான், என் குடும்பத்தை வரையச் சொன்னால், கட்டிக் கொடுத்த ஒரு பெண்ணைக்கூட எழுதவில்லை. மறந்துபோய் அல்ல. அவர்கள் ஞாபகத்துக்கு வர வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. கட்டிக் கொடுத்த எங்கள் வீட்டுப் பெண் செத்தால் எங்களுக்கு மூன்றே நாள் தீட்டு. பங்காளி செத்தால் பதினாறு நாள். அந்தக் கணக்கு எனக்கே தெரியாமல் என் கைக்குள் இருந்திருக்கிறது.

"திருப்பிக் குடுங்க டாக்டர்" என்றேன்.

இந்த முறை அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு வரைந்தேன். விட்டுப்போனவர்கள் பதினொரு பேர். பெயர் சொல்லவே அப்பாவுக்கு யோசிக்க வேண்டியிருந்தது.

"உன் தாத்தாவோட தங்கச்சி ஒருத்தி, குப்பம்மா. போளூர்ப் பக்கம் குடுத்தது. அதுக்கு யானைக்கால்."

"எப்பலருந்து யானைக்கால்?"

"புள்ள பெத்த பெறகுன்னு சொல்வாங்க. ஒரு காலுதான். கறுத்துப் போயி, கணுக்கால்ல ஆறாத புண்ணு இருக்கும்."

படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது டாக்டர் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருந்த அடையாளங்களில் அதுவும் ஒன்று. பழைய ரத்த உறைவு சரியாகக் கரையாவிட்டால் கால் அப்படித்தான் ஆகுமாம். என் பேனா நின்றது.

"அப்புறம்?"

"அப்புறம் எங்கக்கா." அப்பா வார்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பூங்காவனம்."

பூங்காவனம் அத்தையை நான் பார்த்ததில்லை. மகள் தேவி அக்காவைப் பெற்ற பன்னிரண்டாம் நாள் இறந்துபோனாள் என்று மட்டும் தெரியும். ஜன்னி வந்து இறந்துவிட்டதாகச் சொல்வார்கள்.

"ஜொரம் இருந்துச்சாப்பா?"

"ஜொரம் இன்னா ஜொரம். நல்லாத்தான் இருந்தா. கால் வலிக்குதுன்னு ரெண்டு நாளா சொல்லினு இருந்தா. பச்ச ஒடம்புக்காரி எழுந்திருக்கக் கூடாதுன்னு படுக்க வெச்சிருந்தாங்க. நான் பாக்கப் போயிருந்தேன். எழுந்து உக்காந்தவ, 'மூச்சு வாங்குதுடா தம்பி'ன்னா. நான் வண்டி பாக்க ஓடினேன். வரதுக்குள்ள முடிஞ்சிடுச்சி. அப்ப எனக்குப் பதினேழு வயசு."

இத்தனை வருடத்தில் அப்பா இதை என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்தது உண்மை. அதே சமயம் உள்ளே ஏதோ துள்ளியதும் உண்மை. விடை தெரியாத கணக்கில் ஒரு வரி பிடிபட்டால் வருகிற துள்ளல். இரண்டையும் ஒன்றாக அனுபவிக்கலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் டாக்டர் புதிய படத்தைப் பார்த்ததும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு விளக்கினார். ரத்தம் உறைவதற்குச் சில பொருட்கள் இருக்கின்றன, தேவைக்குமேல் உறையாமல் நிறுத்துவதற்கும் சில இருக்கின்றன. நிறுத்துகிறவை சில குடும்பங்களில் பிறவியிலேயே குறைவு.

"பிரேக் கம்மியா இருக்கற வண்டின்னு வெச்சிக்கோ. சமதரையில ஓட்டினா தெரியவே தெரியாது. இறக்கத்துலதான் தெரியும். கர்ப்பம், பிரசவம், நீ போட்ட மாத்திரை, ரொம்ப நாள் படுக்கை, இதெல்லாம் இறக்கம்."

"அப்ப ஆம்பளைங்களுக்கு?"

"அவங்களுக்கும் இருக்கலாம். உங்க அப்பாவுக்கு இருந்து, இறக்கமே வராம ஓடிட்டு இருக்கலாம். ஒருத்தருக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு."

பாதிக்குப் பாதி! மூன்று வருடம் நிகழ்தகவு படித்தேன். பையில் சிவப்புப் பந்து, வெள்ளைப் பந்து என்றே போய்க்கொண்டிருந்த பாடம், இப்போது என் அப்பாவாகவும் அத்தையாகவும் கட்டிலருகே வந்து நின்றது. நான் கேள்விமேல் கேள்வி கேட்டேன். டாக்டருக்கு வேறு வார்டுக்கு நேரமாகிவிட்டது.

"இது என் யூகம்தான்" என்று எழுந்துகொண்டே சொன்னார். "உறுதியா தெரியணும்னா ஜெனிடிக் கவுன்சிலிங்னு இருக்கு. வேலூர்ல பண்றாங்க."

"கவுன்சிலிங் எல்லாம் அப்பவே முடிஞ்சிடுச்சிங்களே" என்றாள் அம்மா. "சீட்டு வாங்கிப் படிச்சும் முடிச்சிட்டா."

டாக்டர் சிரித்துவிட்டார். "இது வேறம்மா. மரபணு ஆலோசனை. உக்கார வெச்சுப் பேசுவாங்க. இந்தப் படத்த வெச்சு உங்களுக்கு எவ்ளோ வாய்ப்பு, டெஸ்ட் எடுத்தா என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு சொல்வாங்க. அப்புறம் டெஸ்ட் வேணுமா வேணாமான்னு நீங்க முடிவு பண்ணலாம். வேணாம்னா எழுந்து வந்துடலாம்." என் பக்கம் திரும்பினார். "கட்டி இருக்கறப்பவும் மருந்து சாப்பிடறப்பவும் ரத்தத்துல அளக்கற சில டெஸ்ட் சரியா காட்டாது. மரபணு மாறாது. அதனாலதான் அவங்கள பாக்கச் சொல்றேன். அந்த அத்தைக்குப் பொண்ணு இருக்கா?"

"இருக்காங்க. தேவி அக்கா. கீழ்பென்னாத்தூர்ல. இப்ப நாலாவது மாசம்."

டாக்டர் முகம் மாறியது. "அவங்ககிட்ட சொல்லு. சீக்கிரம் சொல்லு. டெஸ்ட் வர வரைக்கும்கூட காத்திருக்க வேணாம், இந்தப் படத்தை அவங்க டாக்டர்கிட்ட காட்டினாலே யோசிப்பாங்க. தடுக்கறதுக்கு ஊசி இருக்கு."

அன்று மாலைதான் சித்தப்பா வந்து, நான் தொடக்கத்தில் எழுதிய கேள்வியைக் கேட்டது. அவர் கெட்டவர் இல்லை. நான் வீடு திரும்பிய பிறகும் அவர் பயம் அடங்கவில்லை.

"உனக்கும் கல்யாணம் ஆவணும், எம் பொண்ணுக்கும் ஆவணும். அந்தக் குடும்பத்துல ரத்தத்துல கோளாறுன்னு ஒரு வார்த்த வெளிய போனா, எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

"தேவி அக்காவுக்கு சொல்லணுமே சித்தப்பா."

"வாயும் வயிறுமா இருக்கறவகிட்ட போயி, உங்கம்மா செத்த மாதிரி நீயும் செத்துடுவேன்னு சொல்லப் போறியா? நல்லாருக்கு. அதுவும் இல்லாம, அவ அவங்க வீட்டுப் பொண்ணு. அவங்க பாத்துப்பாங்க."

அம்மாவும் அதையே சொன்னாள். மாசமாக இருப்பவளிடம் சாவைப் பற்றிப் பேசக் கூடாது. அப்பா எழுந்து கடைக்குக் கிளம்பிவிட்டார்.

என்னைப் பற்றியும் உண்மையை எழுதிவிடுகிறேன். அவர்களைக் காரணம் காட்டிக்கொண்டேனே தவிர, எனக்கும் தயக்கம் இருந்தது. மரபணு என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனையில் துள்ளியவள், வீட்டுக்கு வந்ததும் சுருங்கிப்போனேன். ஒரு தாளில் என் பெயருக்கு நேராக 'குறை' என்று அச்சாகி வந்தால்? முதல் வகுப்பு வாங்கிய தாளை ஊருக்கெல்லாம் காட்டினேன். இந்தத் தாளை யாரிடம் காட்டுவேன்? வேலூர் எண்ணைத் தேடி எடுத்து வைத்திருந்தேன். ஐந்து வாரம் அதை அழைக்கவில்லை. ஐந்து வாரத்தில் தேவி அக்காவுக்கு ஐந்து மாதம் தாண்டிவிட்டது. கணக்குப் படித்தவளுக்கு அது தெரியாமல் இல்லை.

என்னை எழுப்பியது மையத்துக்கு வந்த ஒரு வாரிசுச் சான்றிதழ்தான். இரண்டு அண்ணன் தம்பிகள், தங்கை பெயர் இல்லாமல் விண்ணப்பம் கொண்டுவந்தார்கள். வழக்கம்போல நான் ஆரம்பித்தேன், "பொண்ணு பேரையும் போடணும்ணே. அவங்களும்…" தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஒளிந்து செய்கிற வேலை இல்லை இது. அப்பா மட்டும் பஸ் வரும்வரை கூட நின்றார். "பாத்துப் பேசும்மா" என்றார். பேசாதே என்று சொல்லவில்லை.

தேவி அக்கா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றியதும் என் காலைப் பார்த்தாள்.

"இன்னாடி ஒத்தக் கால்ல சாக்ஸு? போலீஸ்ல சேந்துட்டியா?"

"சேந்தா மொதல்ல உன்னதான் பிடிப்பேன். இத்தினி கடலையும் நீயே துன்னுட்டியா?"

"நான் துன்னலடி, உள்ள இருக்கறது துன்னுது" என்று வயிற்றைத் தட்டிக்காட்டினாள்.

பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் போய்விட்டது. எதிரே உட்கார்ந்து, படத்தை விரித்து, என் காலில் நடந்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். குப்பம்மாவின் யானைக்கால். பிரேக் கம்மியான வண்டி. கடைசியில் அவள் அம்மா. இரண்டு நாள் கால்வலி, படுக்கை, எழுந்தவுடன் மூச்சிரைப்பு. "இது யூகம்தான் அக்கா, இப்ப யாராலயும் உறுதியா சொல்ல முடியாது" என்பதை மூன்று முறை சொன்னேன்.

அவள் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டாள். பயந்துவிட்டாள், நான் தப்புச் செய்துவிட்டேன் என்று படத்தை மடிக்கப் போனேன்.

"அப்ப" என்றாள் மெதுவாக, "நான் முழுங்கலையா?"

எனக்குப் புரியவில்லை.

"ஆத்தாள முழுங்கினவன்னுதானே என்ன சொல்லுவாங்க. பொறந்த நேரம் சரியில்ல, பன்னெண்டு நாளுல தாய முழுங்கிட்டா. சின்ன வயசுலருந்து கேட்டுனு இருக்கேன். கல்யாணத்தப்போ இவங்க வீட்டுலயும் ஜாதகத்தப் பாத்துட்டு அதத்தான் கேட்டாங்க." படத்தில் அவள் அம்மாவின் வட்டத்தின்மேல் விரலை வைத்தாள். "இந்த வட்டத்துல இருக்கறது ரத்தக் கட்டியா? நான் இல்லையா?"

"நீ இல்லக்கா. கட்டியா இருந்தாலும் நீ இல்ல, கட்டியா இல்லாட்டியும் நீ இல்ல."

அவள் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். முறம் கவிழ்ந்து கடலை வாசலெல்லாம் உருண்டது. நாங்கள் இருவரும் குனிய முடியாதவர்கள், அவளுக்கு வயிறு, எனக்குக் கால். அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் என்னவென்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது. ரத்தத்தில் இருப்பதை மாற்ற முடியாது. ஆனால் அதைப் பற்றி இத்தனை வருடமாகச் சொல்லிவந்த பொய்யை ஒரே நாளில் மாற்றிவிடலாம்.

"ஊசி இருக்குன்னியே, எத்தினி?" என்று கேட்டாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"போடணுமான்னு டாக்டர்தான் முடிவு பண்ணுவாங்க. போட்டா தெனம், வயித்துல. பிரசவத்துக்கு அப்புறமும் சில வாரம்."

"வலிக்குமா?"

"எறும்பு கடிச்ச மாதிரின்னு சொல்வாங்க. நம்பாத. வலிக்கும்."

"போட்டுக்கறேன்" என்றாள். "வேலூருக்கு எப்ப போற? நானும் வரேன்."

அடுத்த பரிசோதனைக்குப் படத்தின் நகலை எடுத்துக்கொண்டு போனாள். அங்கே டாக்டர் அதைக் கவனமாகப் படித்துவிட்டு, அவளுடைய கர்ப்பிணி அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினாராம்: குடும்பத்தில் ரத்த உறைவு இருக்க வாய்ப்பு. பிரசவத்தைப் பெரிய மருத்துவமனையில்தான் பார்க்க வேண்டும், பிறகு படுத்தபடியே வைத்திருக்கக் கூடாது, சீக்கிரம் நடக்கவைக்க வேண்டும் என்றும் சொன்னார்களாம். அவள் போனில் இதைச் சொன்னபோது, மையத்தில் எல்லார் முன்னாலும் கைதட்டிவிட்டேன்.

சித்தப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. "எம் பொண்ணு பேர எழுதாத" என்றார். எழுதவில்லை. அவள் வட்டம் படத்தில் பெயர் இல்லாமல் இருக்கிறது. அவளுக்குப் பதினெட்டு முடிந்து அவளே கேட்டால், பேனாவை அவள் கையில் கொடுப்பேன். அது நான் எழுதக்கூடிய பெயர் இல்லை. தெரிந்துகொள்ள ஒருவருக்கு உரிமை இருப்பது போல, வேண்டாம் என்று இருக்கவும் ஒருவருக்கு உரிமை இருக்கிறது. எனக்குத் தெரிய வேண்டும். தாளில் 'குறை' என்று வந்தாலும் அதை மடித்து வைக்கமாட்டேன். என்னைக் கட்டிக்கொள்ள வருகிறவன் என் டிகிரியோடு சேர்த்து அதையும் படித்துவிட்டு வரட்டும்.

நேற்று மதியம், மையத்தில் கூட்டம் குறைந்ததும், வேலூர் மருத்துவமனையின் பதிவுப் பக்கத்தைத் திறந்தேன். என் பெயரைப் போட்டேன். தேவி அக்காவின் பெயரைப் போட்டேன். உறவு என்ற கட்டத்தைத் தட்டியபோது அதில் அத்தை மகள் என்று எதுவும் இல்லை. 'குடும்ப உறுப்பினர்' என்று இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தேன்.

அனுப்பப் போகும் நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு அப்பா வந்தார். கடையை யாரிடமோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பஸ் பிடித்து வந்திருக்கிறார். வேட்டியில் டீக்கறை.

"அதுல எம் பேரையும் போடு" என்றார்.

"உங்களுக்கு எதுக்குப்பா? உங்களுக்கு ஒண்ணும் இல்லையே."

"எனக்கு ஒண்ணும் இல்லன்னாலும் எங்கிட்டருந்துதான் உனக்கு வந்துச்சான்னு பாக்கணும்ல? போடு. எங்கக்கா பேரையும் எங்கயாவது போட முடியுமா?"

குடும்ப வரலாறு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பூங்காவனம், அப்பாவின் அக்கா, பிரசவமான பன்னிரண்டாம் நாள், திடீர் மூச்சுத்திணறல் என்று தட்டச்சு செய்தேன். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் நான் முடிக்கும்வரை திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அனுப்பு என்பதை அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் என் போனில் செய்தி வந்தது. வியாழக்கிழமை, காலை பத்து மணி, மூன்று பேர்.

தேவி அக்காவின் கணவர் வேன் ஓட்டுகிறவர். எங்களைக் கூட்டிப்போக விடியற்காலை எங்கள் தெருமுனைக்கு வருவார். தொடர்ந்து உட்கார்ந்தே இருக்கக் கூடாது, போகும் வழியில் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும், நாங்கள் மூன்று பேரும் இறங்கிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும் என்று அவரிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.